கைராசி டாக்டர்

கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க அம்மிணி. பயப்படாதீங்க, நாய் கடிக்காது. இனி அவ எங்க கடிக்கறது, தண்ணி குடிக்கறதுக்கே நான் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கு. பேரு கேசரி. நிறத்தைப் பாத்து எங்க வீட்டம்மா வெச்ச பேரு. உங்க மடியில ஆட்டுக்குட்டியைப் பாத்ததும் வாலையாவது ஆட்டுவாள்னு நெனைச்சேன். கண்ணைக்கூடத் தொறக்கல.

மணி என்னங்க ஆச்சு? என் செல்லு வர்ற வழியிலயே செத்துப்போச்சு. சார்ஜ் போட எங்க நேரம், இவளையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். டாக்டரம்மா எப்ப வருவாங்க? பக்கத்து ஊர்ல மாடு கன்னு போட முடியாமக் கெடக்குதா? சரி சரி, வரட்டும். நமக்கென்ன அவசரம். இவளுக்கும் அவசரமில்ல.

கோயமுத்தூர்ல இருந்து வர்றனுங்க. கார்லதான். ஏன் சிரிக்கறீங்க? கோயமுத்தூர்ல இல்லாத டாக்டரா இந்த மாட்டாஸ்பத்திரியில இருக்காங்கன்னுதானே? இருக்காங்க, தெருவுக்குத் தெரு இருக்காங்க. சொல்லப்போனா நானே நாய் டாக்டருதானுங்க. நாச்சிமுத்துன்னு பேரு. பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, கைராசி டாக்டர்னு கேட்டா ஆட்டோக்காரன் நேரா நம்ம கிளினிக் வாசல்ல கொண்டாந்து எறக்குவான்.

உங்க டாக்டரம்மா தாரணி இருக்கறாங்களே, உங்களுக்கு அவங்க டாக்டரம்மா. எனக்கு, என்கிட்ட வேலை பாத்த பொண்ணு. படிப்பு முடிச்சுட்டு நேரா என்கிட்டத்தான் வந்தா. ஊசி எப்படிப் பிடிக்கணும், நாயைவிட நாய்க்காரங்களை எப்படிப் பிடிக்கணும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. தலையில தூக்கி வெச்சுட்டு ஆடினேன். ஒரு நாள் சாயங்காலம் கோட்டைக் கழட்டி மேசை மேல வெச்சுட்டுப் போனவதான். இப்ப வரைக்கும் ஒரு போன் இல்ல, ஒரு பொங்கல் வாழ்த்து இல்ல. நெனைச்சா வயிறு எரியுதுங்க.

எங்க தொழில்ல நாய்க்கு வைத்தியம் பாக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆளுகளை நிக்க வெக்கறது இருக்கே, அதுதான் பெரும்பாடு. வர்றாங்க, தொழில் கத்துக்கறாங்க, மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுப் போயிடறாங்க. என்ன கொறை வெச்சேன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. தாரணி போனதுல ஆரம்பிச்சதுதான் இதெல்லாம்.

நீங்களே சொல்லுங்க, நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

எனக்குக் கைராசிங்கறது சும்மா வந்ததில்ல. ஊர்ல யார் குட்டி வாங்கினாலும் மொத ஊசி என் கையாலதான் போடணும்னு நிப்பாங்க. நல்ல நாள் பாத்து வருவாங்க. ரிப்பன் கட்டின குட்டி, நெத்தியில பொட்டு வெச்ச குட்டி, வீட்ல இருக்கற சின்னப் புள்ளைக மொத்தமும் கூட வரும். ஊசி போட்டு முடிச்சதும் ஸ்வீட் பாக்ஸ் குடுத்து, என்னை நடுவுல நிறுத்திப் போட்டோ எடுப்பாங்க. நான் தொட்ட குட்டி நோய்நொடி இல்லாம நின்னுடும்னு ஒரு நம்பிக்கை. அடுத்தவங்க நம்பிக்கையை நாம கெடுக்கலாமுங்களா? அதனால குட்டிக எல்லாம் என் ரூமுக்கு. அது அப்படியே வழக்கமாயிடுச்சு.

இன்னொரு பக்கம் இருக்கே. வயசான நாய், புத்துநோய் வந்த நாய், லாரியில அடிபட்டு முதுகு ஒடிஞ்ச நாய். இனி வைத்தியமில்ல, வலி இல்லாம அனுப்பிடலாம்னு கொண்டாருவாங்க. அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு, தமிழ்ல கருணைக்கொலைம்பாங்க. கொலைங்கற வார்த்தை நம்ம கிளினிக்குல ஆகாதுன்னு நானே ஒரு பேரு வெச்சேன்: வழியனுப்பறது. ரிசப்ஷன்ல மெர்சின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. கதவைத் தட்டி, 'டாக்டர், ஒரு வழியனுப்பு'ங்கும். எவ்வளவு மரியாதையா இருக்கு பாருங்க.

தாரணி வந்த புதுசுல ஒரு ஹெட்மாஸ்டர், ரிட்டயர் ஆனவர், தன் நாயைப் போர்வையில சுத்தித் தூக்கிட்டு வந்தார். பின்னங்கால் ரெண்டும் விழுந்துபோச்சு, உடம்பெல்லாம் புண்ணு. ஊசியை எடுத்து வெச்சோம். அப்பப் பாத்து எனக்கு ஒரு போன் வந்துச்சு. வெளிய போயிட்டேன். திரும்பி வந்து பாக்கறேன், எல்லாம் முடிஞ்சுபோச்சு. தாரணி தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்கா, நாய் தலை இவ மடியில. ஹெட்மாஸ்டர் இவ கையைப் பிடிச்சுட்டு, 'தூங்கற மாதிரியே போயிட்டாம்மா, நீ நல்லா இருக்கணும்'னு அழுவறார். ஊசி ஏறும்போது நாய் காதுக்குள்ள என்னமோ பேசிட்டே இருந்தாளாம். இது படிச்சு வர்றதில்லைங்க.

அன்னைக்கே மெர்சிகிட்டச் சொல்லிட்டேன், இனிமே வழியனுப்பறதெல்லாம் தாரணிக்குன்னு. தப்புங்களா? யாருக்கு எது வருதோ அதைத்தானே குடுக்கணும்? நானும் அதுல கையை விட்டா என் கைராசி என்னாகறது? காலையில குட்டிக்கு ஊசி போட்ட கை, மத்தியானம் அந்த ஊசியும் போடுதுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? கைராசி போச்சுன்னா கிளினிக் போச்சு, கிளினிக் போச்சுன்னா இத்தனை பேருக்கும் சோறு போச்சு. நான் எனக்காகவா பாத்தேன்?

இல்லீங்க, கேசரியை அப்படிப் பிடிக்க வேண்டாம், வயித்துல கட்டி இருக்கு. ஆங், கழுத்துக்கிட்டத் தடவுங்க. அது பிடிக்கும் அவளுக்கு.

அப்பறம் என்னாச்சு, ஊருக்குள்ள பேச்சாயிடுச்சு. 'அந்தம்மா கை வேண்டாங்க'ன்னு ஆரம்பிச்சாங்க. காது சுத்தம் பண்ண வந்தாக்கூட, 'பெரிய டாக்டர் இல்லீங்களா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போவாங்க. ஒரு கல்யாண மண்டபத்துல தாரணி பந்தியில உக்காந்ததும் எதிர் வரிசையில ஒரு அம்மா எந்திரிச்சுப் போயிருச்சாம். இவளைப் பாத்ததும் அவங்க நாய் ஞாபகம் வந்துருச்சு, சோறு எறங்கலைன்னு. இவளும் பாதியில எந்திரிச்சு வந்துட்டாளாம். மறுநாள் மெர்சி இதை என்கிட்டச் சொல்லிச்சு. ஊரார் வாயை நான் போய் மூட முடியுமுங்களா?

அந்த வாரமே தாரணி என் ரூமுக்கு வந்தா. வந்து நின்னா. சம்பளம் கேக்கத்தான் வந்திருக்கான்னு நானும் தயாரா இருந்தேன். 'சார், வாரத்துல ஒரு நாள் குட்டிகளுக்கு நான் ஊசி போடறேன் சார்'ங்கறா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'தாரணி, அவங்க என் கைக்காக வர்றாங்க, உன் கையில போட்டா ஒத்துக்குவாங்களா?'ன்னு கேட்டேன். திரும்பிப் போயிட்டா. விஷயம் அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சேன்.

ஆனா அதுக்கப்பறம் இவ போக்கே மாறிப்போச்சு. டிபன் பாக்ஸைத் தொறந்து வெச்சுட்டு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவா, கழுவுவா, கழுவிட்டே இருப்பா. நானும் கண்ணில்லாதவன் இல்லீங்க. கவனிச்சேன். தண்ணி டேங்க் காலியாகுதுன்னு ஒரு தடவை சொல்லக்கூடச் சொன்னேன்.

அப்பத்தான் ஒரு பெரிய ஓட்டல்ல எங்க டாக்டர்களுக்கெல்லாம் ஒரு கூட்டம் போட்டாங்க. கோட்டுப் போட்ட ஒருத்தர் வெளியூர்ல இருந்து வந்து பேசினார். இந்தத் தொழில்ல ஆளுக உள்ளுக்குள்ளயே எரிஞ்சு கரிக்கட்டை ஆயிடறாங்களாம். அதுக்கு பர்ன் அவுட்டுன்னு பேராம். ஆளு விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி அவங்களைப் பேச விடுங்க, அவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்கன்னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. உடனே ஏற்பாடு பண்ணினேன். ஞாயித்துக்கெழமை லீவு நாளாப் பாத்து சிரிப்பு யோகா. வெளியில இருந்து மாஸ்டர், மாஸ்டருக்கு மைக்கு, எல்லாருக்கும் ஒரே கலர் பனியன். வராதவங்களுக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பேன்னு சொன்னதுக்கப்பறம் ஒருத்தர் விடாம வந்தாங்க. வந்து நல்லாச் சிரிச்சாங்க. இந்தக் காலத்துல எந்த மொதலாளி இதெல்லாம் செய்யறான்?

கடைசியில மாஸ்டர், 'உங்களுக்கு சந்தோஷம் தர்றது எது, ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னார். மெர்சி பிரியாணின்னுச்சு. நான் 'என் ஸ்டாஃப்'னேன், கைதட்டினாங்க. தாரணி முறை வந்துச்சு. 'குட்டி'ன்னா.

எனக்கு மனசே கரைஞ்சு போச்சுங்க. கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிருச்சு, வயித்துல ஒண்ணும் தங்கல, அந்த ஏக்கம்தான் பொண்ணை இப்படி ஆட்டுதுன்னு பட்டுனு புரிஞ்சுபோச்சு. கோட்டுக்காரர் சொன்ன மாதிரி காது குடுத்துக் கேட்டதனாலதானே புரிஞ்சுது! வீட்டுக்குப் போயி எங்க வீட்டம்மா வசந்தாமணிகிட்டச் சொல்லி, குழந்தை வரம் குடுக்கற கோயிலுக்கு அவளைக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். கார் குடுத்து, மரத்துல கட்டறதுக்கு மரத்தொட்டில் வாங்கிக் குடுத்து அனுப்பினேன். போற வழியெல்லாம் அந்தப் பொண்ணு சன்னல் பக்கம் திரும்பி அழுதுட்டே வந்துச்சுன்னு வசந்தாமணி வந்து சொன்னா. பாவம், எவ்வளவு ஏக்கம் பாருங்க. அதுக்கப்பறம் 'கருணைக் கரம்'னு பேரு போட்டு ஒரு கேடயம் அடிச்சு, கேக் வெட்டி, எல்லார் முன்னாடியும் குடுத்தேன். வேற என்னங்க செய்யணும் ஒரு மனுசன்?

எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, இவ்வளவும் வாங்கிட்டு அவ எனக்குச் செஞ்சதைக் கேளுங்க.

அன்னைக்குக் காலையில ஒரு வழியனுப்பு. மத்தியானம் சோத்துல கை வெக்கறப்ப இன்னொண்ணு. தொழில்னா அப்படியும் ஒரு நாள் வரும். சாயங்காலம் ஒரு மில்லுக்காரர் போன் பண்ணினார். நெடுநாள் கஸ்டமர். குடும்பத்தோட வெளிநாடு போறாங்க, வீட்ல நாய் இருக்கு. சின்ன வயசு, ஒரு சீக்கும் இல்ல. 'யார்கிட்டயாவது விட்டா ஏங்கிப்போயிரும் டாக்டர், ஒரேடியா நிம்மதியா அனுப்பிருங்க'ன்னார். பெரிய மனுசன் கேக்கறார், முடியாதுன்னா சொல்றது? சரி, கொண்டாங்க, தாரணி பாத்துக்குவான்னுட்டேன்.

டிரைவர் வந்து கட்டிப்போட்டுட்டுப் போனான். தாரணி நாயைத் தடவிப் பாத்துட்டு, 'இதுக்கு என்ன சார் நோய்?'ங்கறா.

'நோயில்லம்மா, சூழ்நிலை'ன்னேன்.

'சூழ்நிலைக்கு ஊசி போட நான் படிக்கலைங்க சார்'ங்கறா. ஸ்டாஃப் எல்லாரும் நிக்கறாங்க, மெர்சி நிக்குது. என்னைப் பாத்து அப்படிச் சொல்றா.

'நீ போடலைன்னா வேற யாரு போடறது?'ன்னு சத்தம் போட்டேன்.

'நீங்க போடுங்க சார்.'

அப்பன்னு பாத்து எனக்கு ஒரு போன் வந்துச்சுங்க. முக்கியமான போனு. வெளிய போயிப் பேசிட்டு வந்து பாக்கறேன், கோட்டு மேசை மேல மடிச்சு வெச்சிருக்கு, கேடயம் அது மேல இருக்கு. தன் டிபன் பாக்ஸ் தயிர்சோத்தை நாய்க்கு வெச்சுட்டுப் போயிட்டா. அது பாட்டுக்கு வாலை ஆட்டிட்டுத் தின்னுட்டு இருக்கு. மொதலாளி சொல்றதை இப்படித் தட்டினா அந்த எடம் உருப்படுமா, நீங்களே சொல்லுங்க.

நாயா? அதை என்ன பண்றது. ஒரு வேளை தாரணி திரும்பி வருவாள்னு ரெண்டு நாள் கட்டியே வெச்சிருந்தேன். வசந்தாமணி வந்து பாத்தா, அவுத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அந்த நாய்தானுங்க இது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நல்ல நாயுங்க இவ. வசந்தாமணி படுத்த படுக்கையா கெடந்தப்பக் கட்டிலுக்கு அடியில இருந்து நகரவே மாட்டா. அவ போனதுக்கப்பறம் அந்தப் பெரிய வீட்ல எனக்குப் பேச்சுத்துணை இவ ஒருத்திதான். காலையில எந்திரிச்சா செருப்பைக் கவ்விட்டு வந்து நிப்பா. நான் சாப்பிடாம இருந்தா அவளும் சாப்பிட மாட்டா. இவ இல்லாம நான் அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்னு தெரியலைங்க. சத்தியமாத் தெரியல.

அன்னைக்கு தாரணி நான் சொன்னபடி கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னா கேக்கறீங்க? ஒழுங்கு இருந்திருக்குமுங்க. மத்தவங்களுக்கு ஒரு பயம் இருந்திருக்கும். அவ காட்டின வழியிலதானே ஒவ்வொருத்தரா போனாங்க. அடுத்து வந்த பையனுக்கு வழியனுப்பறதைக் குடுத்தேன், ராத்திரி தூக்கம் வரலைன்னு சொல்லிட்டு மருந்துக் கம்பெனிக்குப் போயிட்டான். அடுத்தது ஒரு பொண்ணு, படிப்பையே மறந்துட்டு இப்ப துணிக்கடை வெச்சிருக்கு. மெர்சிகூடப் போயிருச்சு. 'அந்த வார்த்தையைச் சொல்லிக் கதவைத் தட்டத் தட்ட நெஞ்சு அடைக்குது டாக்டர்'னுச்சு. கதவைத் தட்டறதுக்கென்ன நெஞ்சடைப்பு? இப்ப கிளினிக்குல நானும் 'டாக்டர் தேவை'ங்கற போர்டும்தான் இருக்கோம்.

என்ன சொன்னீங்க? கைராசிக்கார டாக்டரம்மாவா? யாரு, தாரணியா?

உங்க ஆடு செத்துரும்னு விட்டுட்டீங்க, இவ கையை விட்டுத் திருப்பி மூணு குட்டியையும் எடுத்துக் குடுத்தாளா. இது அதுல ஒண்ணா. அதான் மொத ஊசி அவ கையாலயே போடணும்னு காத்துட்டு இருக்கீங்களா. ஊர்ல பாதிக் கன்னுக்குட்டி அவ கையிலதான் விழுந்துதா? சரிதான்! கோயமுத்தூர்ல வந்து கேட்டுப் பாருங்க, அவ கையைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு. கைராசியாம். அதெல்லாம் லேசுல வராதுங்க. அதைப் பாத்துப் பாத்துக் காப்பாத்தணும்.

அப்ப நீ எதுக்குய்யா இங்க வந்தேன்னு கேக்கறீங்க. கேளுங்க, கேக்கலாம்.

மண்ணீரல்ல கட்டிங்க. பரவிப்போச்சு. ராத்திரியெல்லாம் மொனகறா. நேத்து வசந்தாமணி போட்டோவுக்குக் கீழ போயிப் படுத்துட்டா. இனி வெச்சிருந்தா பாவம், அது தொழில் தெரிஞ்ச எனக்குத் தெரியாதா? மருந்து நானே கொண்டாந்திருக்கேன், இந்தப் பையில இருக்கு. போடத் தெரியாம இல்ல. நான் சொல்லிக் குடுத்துத்தானே அவளுக்கே தெரியும். ஆனா அவ கையில போட்டா வலிக்காது. காதுக்குள்ள என்னமோ பேசுவா. என்ன பேசுவாள்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. கேசரிக்கு அது கெடைக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.

வண்டிச் சத்தம் கேக்குது. அவதானா? அவதான். எளைச்சுட்டா. இல்ல, எளைக்கல. பாருங்க, முழங்கை வரைக்கும் ரத்தமும் சேறும், எப்படிச் சிரிச்சுட்டு வர்றா. என்கிட்ட இருந்தப்ப ஒரு நாள் இப்படிச் சிரிச்சதில்லைங்க, காசு குடுத்து மாஸ்டரை வெச்சுச் சிரிக்க வெச்சேன்.

ஆமா தாரணி, நான்தான். நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? இவதான்... தெரியுதா உனக்கு? பாத்தியா, உன் குரலைக் கேட்டதும் கண்ணைத் தொறக்கறா பாரு. காலையில இருந்து தொறக்காதவ! ஆமா. ஆமாம்மா. மண்ணீரல்தான். ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. நீதான் போடணும். வேற யாருமில்ல எனக்கு.

போடறியா? சந்தோஷம். நீ நல்லா இருக்கணும்.

என்னது? நானா? உள்ளயா? இவ தலை என் மடியிலயா?

இல்லம்மா, அது வந்து... நீ போ, கையைக் கழுவு, இதோ வந்தர்றேன். வந்தர்றேன்னு சொல்றேன்ல.

அம்மிணி. அம்மிணி, ஒரு ஒத்தாசை. இவளைக் கொஞ்சம் உள்ள தூக்கிட்டுப் போறீங்களா? கனமில்லைங்க, எல்லாம் கரைஞ்சுபோச்சு, உங்க குட்டியைவிட எச்சா இருக்க மாட்டா. இந்தப் பையையும் குடுத்துருங்க. கழுத்துக்கிட்டத் தடவிட்டே இருங்க, அதான் அவளுக்குப் பிடிக்கும். உங்க குட்டியை இப்படிக் குடுங்க, நான் பத்திரமா வெச்சிருக்கேன். குட்டிக நம்ம கைக்கு நல்லா அடங்குமுங்க. பாருங்க, எப்படிப் படுத்துக்குது.

இல்லீங்க, ஒரு போன் வருது. பேசிட்டு வந்தர்றேன். செல்லு செத்துப்போச்சா? யாரு சொன்னா? அடிக்குதே, உங்களுக்குக் கேக்கலையா? நீங்க போங்க, போங்க.

ஹலோ. ஆமா, கைராசி டாக்டர்தான் பேசறேன். சொல்லுங்க. இல்லீங்க, ஒண்ணும் அவசரமில்ல, நீங்க மெதுவாச் சொல்லுங்க. ஹலோ... கேக்குதுங்க... ஹலோ...